காடு புகுந்த கோயில்

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கோபுரம் புதுமை அன்று. எந்தத் தெருவில் நின்றாலும் ஏதேனும் ஒரு கோபுரத்தின் கலசம் கண்ணில் படும். அத்தகைய ஊரிலிருந்து கம்போடிய நாட்டிற்குச் சென்ற நான், அங்கோர் என்னும் பழைய தலைநகரின் இடிபாடுகளுக்கிடையே, கோயிலைக் காட்டிலும் கோயிலின்மேல் நின்ற மரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவ நண்பர்களே, அந்த மரத்தைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன். நம் ஊர்க் கோபுரங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

கெமர் அரசர்கள் ஈசானவர்மன், சூரியவர்மன், செயவர்மன் எனப் பெயர் பூண்டவர்கள். அந்நாட்டு எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. இதனைக் கொண்டு அங்குள்ள கலையெல்லாம் நம்முடையதே என்று மார்தட்டுவோரும் உளர். நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். கெமர் சிற்பியின் கை வேறு கை. அதனை நேரிற் கண்டோர் ஐயுறமாட்டார்கள்.

நான் கூறும் மரம் நிற்குமிடம் தா புரோம். ஏழாம் செயவர்மன் 1186ஆம் ஆண்டில் தன் தாயின் நினைவாக நிறுவிய பௌத்தப் பெருங்கோயில் அது. அங்குள்ள கல்வெட்டு, மதிலுக்குள் வாழ்ந்தோர் 12,640 பேர் என்று கணக்குச் சொல்கிறது. அவர்களுக்கு வேண்டிய பொருள்களை அளித்துப் பணிசெய்த சிற்றூர் மக்கள் ஏறத்தாழ 80,000 பேர். பதினைந்தாம் நூற்றாண்டில் தலைநகர் தெற்கே பெயர்ந்தது. மக்கள் அகன்றார்கள். பருவமழைக் காடு உள்ளே வந்தது.

காடு எவ்வாறு வருகிறது? படையெடுத்து வருவது போல் அன்று. ஒரு பறவையின் எச்சத்தில் வருகிறது. அத்தி, ஆல், அரசு ஆகியவை ஓரினத்து மரங்கள். அவற்றின் கனியைத் தின்ற பறவை கூரையில் அமர்ந்து எச்சமிடுகிறது. கடுகினும் சிறிய விதை கல்லின் இடுக்கில் விழுந்து, மழைத்துளி ஒன்றைப் பற்றிக்கொண்டு முளைக்கிறது. தொடக்கத்தில் அதற்கு மண்ணே வேண்டுவதில்லை. நூல் போன்ற வேர்களைச் சுவரின்வழிக் கீழே விடுகிறது. அவை நிலத்தைத் தொட்ட பின்னரே மரம் தன் வலிமையைக் காட்டுகிறது. நூல் கயிறாகிறது, கயிறு தூணாகிறது. ஒன்றையொன்று தொட்ட வேர்கள் ஒட்டி ஒன்றாகிச் சுவரைப் பின்னிக்கொள்கின்றன. கெமர் கட்டடங்களில் மணற்கற்களைச் சாந்தின்றித் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கூரையும் கற்களைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கி மூடியதே. ஆகவே வேர் நுழையும் வழி எங்கும் உண்டு.

இனிமேல்தான் சிக்கல். சுவரைப் பிளந்த வேரே இப்போது சுவரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் ஊர்க் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் இழையோடு இழை கோத்திருக்கும். கரையை மட்டும் உருவி எடுக்க நினைத்தால் புடவை குலைந்துபோகும். தா புரோமின் நிலையும் அதுவே. மரத்தை வெட்டினால் வேர் மக்கிச் சுவர் சரியும். வெட்டாது விட்டால், புயலில் மரம் சாயும்போது சுவரையும் பெயர்த்துக்கொண்டு சாயும். பிரெஞ்சுத் தொல்லியலறிஞர்கள், கண்டெடுத்த நிலையிலேயே ஒரு கோயில் இருக்கட்டும் என்று இதனை மரத்தோடு விட்டுவைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே முட்டுக்கொடுத்தும், விழுந்த கற்களை இடமறிந்து அடுக்கியும் பணியாற்றி வருகின்றனர்.

சில கிலோமீட்டர் தொலைவில் அங்கோர் வாட் நிற்கிறது. அதே மழை, அதே பறவைகள். ஆயினும் காடு அதனை முழுமையாக விழுங்கவில்லை. சுற்றிலும் ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி ஒரு காரணம். பௌத்தத் துறவிகள் அவ்விடத்தை விட்டு அகலாமல் வழிபட்டு வந்தது மற்றொரு காரணம். என் மதிப்பில் இரண்டாவதே பெரிது. அகழி காட்டுக்குத் தடை, பறவைக்குத் தடையாகுமா? நாள்தோறும் பெருக்குகிற கை இருந்தால் முளை மரமாவதில்லை.

இப்போது காஞ்சிக்குத் திரும்புவோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல். மேலே உள்ளது மணற்கல். அங்கே மரத்தைவிட மழையே பெரும்பகை. மணற்கல் பொரிந்து உதிர்கிறது. பிற்காலத்தார் சுண்ணச் சாந்து பூசிக் காத்தார்கள். அந்தப் பூச்சு பல சிற்பங்களின் முகத்தை மறைத்ததும் உண்மை.

ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் வேறு வகை. கிருட்டிணதேவராயர் 1509இல் எழுப்பிய அது ஏறத்தாழ 190 அடி உயரம். இத்தகைய கோபுரங்களில் கீழே கருங்கல்; மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணமும் சுதையும். ஈரம் தங்கும் செங்கல் இடுக்கினும் இனிய இடம் அரசஞ்செடிக்கு வேறில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்னும் வழக்கம், சமயக் காரணத்தோடு, கொத்தனாரின் காரணத்தையும் உடையது. சாரம் கட்டி ஏறிச் செடியைக் களைந்து, வெடிப்பை அடைத்துச் சுதையைச் சீர்செய்வதற்கு அதுவே தவணை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்து கல்வெட்டு எழுத்தை மழுங்கச் செய்ததும் நம் நாட்டில் நடந்ததுதான். அதனை நான் திருப்பணி என்று சொல்லமாட்டேன்.

அதே அரசர் திருக்காளத்தியில் 1516இல் எழுப்பிய கோபுரம், முன்பே வெடிப்புக் கண்டிருந்து, 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அது காட்டினுள் இருந்த கோபுரம் அன்று. நாள்தோறும் மக்கள் திரளும் ஊரின் நடுவே நின்றது.

பெரிய கோயில்களுக்கு ஆளும் பொருளும் உண்டு. காஞ்சியில் ஒரு வேளைப் பூசையோடு நிற்கும் சிறு கோயில்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவற்றுள் ஒன்றின் விமானத்தில், இரண்டாம் நிலையில், இரண்டு கை அளவு வளர்ந்த அரசஞ்செடி ஒன்றை அண்மையில் கண்டேன். இரண்டு இலை விட்டபோது எவரேனும் கண்டிருந்தால் விரலால் கிள்ளி எடுத்திருக்கலாம். இப்போது தண்டை வெட்டினால் மீண்டும் தழைக்கும். செங்கல்லைப் பிரித்து வேரை அடியோடு எடுத்துச் சாந்திட்டு அடைக்க வேண்டும். அதற்குச் சவுக்குக் கழி கட்டிச் சாரம் வேண்டும். வேர் சென்ற வழியறிந்த கொத்தனாரும் வேண்டும்.