பசியோடு பகை வேண்டா

வத்திராயிருப்புக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்கிறது. பிளவக்கல் அணைகளின் நீர் கண்மாய்களை நிரப்ப, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் ஊரைச் சூழ்ந்து கிடக்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இவ்வயல்களுக்கு நாற்று நடச் சென்ற பெண்கள் விடியுமுன் நடந்தார்கள். பொழுதெல்லாம் குனிந்து நிமிர்ந்தார்கள். தூக்குச் சட்டியில் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தார்கள். அவர்களுள் பருத்த உடலினரைக் காண்பது அரிது. அம்மெலிவில் உழைப்பும் இருந்தது, வறுமையும் இருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை.

இன்றோ நிலைமை வேறு. நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, கடைத்தெருவுக்குச் செல்ல இரு சக்கர வண்டி, மாலையில் பொட்டலப் பண்டம், இரவில் பரோட்டா. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழகப் பெண்களுள் 100க்கு 31 பேர் மிகை எடை உடையவராய் இருந்தனர். 2019–21ஆம் ஆண்டின் ஆய்வில் அது 40 ஆயிற்று. ஆண்களில் 37. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மூட்டு வலியும் வீட்டுக்கு வீடு புகுந்திருப்பதில் வியப்பென்ன?

இயற்கை என்றால் எது?

"மருந்தின்றி, இயற்கையாகப் பசியைக் குறைக்க வழி உண்டா?" என்று பலரும் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கை அடுப்படியை நாடுவதில்லை. பொடிக் கடையை நாடுகிறது. சதுரகிரி போன்ற மூலிகை மலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்குப் பச்சிலைமீது நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆகவே இரண்டு செடிகளின் கதையை முதலில் பார்ப்போம்.

கள்ளிமுளையான் என்பது தென்னாட்டின் வறண்ட, கற்பாங்கான நிலங்களில் வளரும் சதைப்பற்றுள்ள செடி. துவையலாகவும் ஊறுகாயாகவும் உண்பதுண்டு. காட்டில் அலைவோர் பசி தெரியாதிருக்க அதை மென்று வந்தனர். பிற்காலத்தில் அதன் சாற்றை மாத்திரையாக்கி, 'எடை குறைக்கும் மூலிகை' என்று விற்கத் தொடங்கினர். பெங்களூரில் நம் திருச்சபை நடத்தும் புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 50 பேரைக் கொண்டு அதனைச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். அறுபது நாள்கள் நாளுக்கு ஒரு கிராம் சாறு கொடுத்தார்கள். பசியும் இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்தன. ஆனால் உடல் எடையில், வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டாவது, மீன் குழம்பில் இடும் குடம்புளி. 1998இல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் அதன் சத்தைக் கொடுத்துப் பார்த்தபோது எடை குறைவதில் யாதொரு கூடுதல் பயனும் இல்லை. குழம்பில் இட்டால் தீங்கில்லை. செறிவூட்டிய மாத்திரையாய் விழுங்கியவர்களுள் சிலருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. வெங்காரத்தைத் தின்றால் இளைக்கலாம் என்று சொல்வாரும் உளர். அது நஞ்சு, உயிரையே குடிக்கும். மண்ணில் விளைந்தது, மலையில் கிடைத்தது என்பதனால் மட்டும் ஒன்று நன்மையாகிவிடாது.

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்ததா, எவ்வளவு உண்பது, எதனை உண்பது என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. நாம் தேடும் இயற்கை வழி அதுவே.

பசி பேசும் மொழி

பசி நம் பகைவனன்று. உடல் அனுப்பும் தூதுவன். இரைப்பை வெறுமையானதும் 'கிரெலின்' என்னும் சுரப்பு மூளைக்குச் சென்று உணவு கேட்கிறது. இதை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். 'போதும்' என்ற செய்தி விரிந்த இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் எழுகிறது. அது மூளைக்குத் தெளிவாய் எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் உண்டு எழுபவர், 'போதும்' என்ற குரல் கேட்குமுன் இரண்டு அகப்பை கூடுதலாய் உண்டுவிடுகிறார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் முன்னோர் சொன்னது பொருளற்ற பேச்சன்று.

ஆகவே பசியை அடக்குவது என்பது பட்டினி கிடப்பதன்று. குறைந்த உணவிலே வயிறும் மனமும் நிறையச் செய்வதே ஆகும்.

அடுப்படியில் உள்ள வழிகள்

முதலாவது, பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். சோற்றைக் குவித்து, ஓரத்தில் சிறிது பொரியல் வைப்பது நம் வழக்கம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். முதலில் ஒரு கிண்ணம் இரசம் அருந்திக் காய்கறியை உண்டபின் சோற்றுக்கு வாருங்கள். உணவுக்கு முன் அரை லிட்டர் நீர் பருகிய முதியோர், அவ்வாறு செய்யாதவரைவிட 12 வாரத்தில் சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்ததை 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம் இரசத்திற்கும் நீர்மோருக்கும் இவ்வேலை தெரியும்.

இரண்டாவது, பயறுகளைச் சேருங்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறது என்று எண்ண வேண்டா. நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் கொண்டது. ஆதலால் நெடுநேரம் பசி தாங்கும். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, முட்டை, மீன் ஆகியனவும் அவ்வாறே. காலையில் வெறும் இட்லி நான்கு உண்பவர் பதினொரு மணிக்குப் பலகாரம் தேடுவார். இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டல் உண்பவர் மதியம்வரை தாங்குவார்.

மூன்றாவது, சர்க்கரையைக் கணக்கிடுங்கள். நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் ஆகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வகுத்த வழிகாட்டியின்படி நாள் முழுதும் 20 முதல் 25 கிராமே மேல் எல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வட்டாரப் பெருமை; திருநாளன்று மகிழ்ந்து உண்ணலாம். ஆனால் ஆண்டு முழுவதும் திருநாள் ஆகாது.

நான்காவது, பொட்டலப் பண்டங்களை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரித்த உணவும், இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் விரும்பியமட்டும் உண்ணக் கொடுத்தது. ஆலை உணவின்போது அவர்கள் தம்மை அறியாமலே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாய் உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ பருத்தனர். மற்றதில் அவ்வளவே இளைத்தனர். ஆகவே மன உறுதி குறைவு என்று நம்மை நாமே பழித்துக்கொள்வதைவிட அலமாரியை மாற்றுவது மேல்.

உறக்கமும் உள்ளமும்

இராசபாளையத்து நூற்பாலைகளில் இரவு முறை பார்ப்போர் நம் பங்குகளிலும் உண்டு. உறக்கம் குறைந்தால் பசி ஏறும். 2004இல் சிக்காகோவில் இளைஞர் சிலரை இரண்டு இரவு நான்கு மணி நேரமே உறங்க விட்டபோது, அவர்கள் பசி ஏறத்தாழ கால் பங்கு கூடியது. இனிப்பும் மாவுப் பண்டமும் நாடினர். இரவு முறை முடிந்து வருவோர் இருட்டறையில் இடையூறின்றி உறங்க வீட்டார் உதவுவது பெரிய வைத்தியம்.

வேறொன்றும் உண்டு. துயரம், தனிமை, சலிப்பு ஆகியனவும் பசியின் வேடமிட்டு வரும். சோறும் குழம்பும் உண்ணும் விருப்பம் இருந்தால் அது பசி. முறுக்கு மட்டுமே வேண்டும் என்றால் அது ஆசை. அந்நேரம் பத்து நிமிடம் நடந்து வாருங்கள். அல்லது யாரோடேனும் மனம்விட்டுப் பேசுங்கள்.

நோன்பும் எடையும்

தவக்காலத்தில் நோன்பு இருந்தால் இளைக்கலாமா என்று கேட்பதுண்டு. 2022இல் சீனாவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு ஒன்றுண்டு. நாளில் எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களும், அதே அளவு உணவை விரும்பிய நேரத்தில் உண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவே இளைத்தனர். நேரத்தைவிட அளவே வேலை செய்கிறது. பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் வயிறு புடைக்க உண்பது நோன்புமன்று, வைத்தியமுமன்று. நோன்பில் மிச்சமாவது ஏழையின் பசிக்கு உரியது; நம் இடுப்பளவை நோக்கியதன்று.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. மிகுந்த பருமனால் துன்புறுவோர்க்கு மருந்து தேவைப்படலாம். பசி குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025இல் இந்தியாவுக்கும் வந்துள்ளன. மருத்துவர் கூறி அவற்றை ஏற்பது குற்றமுமன்று, தோல்வியுமன்று.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைந்தாலே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். வாரம் அரைக் கிலோ போதும், விரைவு வேண்டா.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் தாயார் கடைசியில் உண்கிறார். பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறும் வடித்த பானையில் ஒட்டியதும், 'வீணாகலாமா?' என்ற எண்ணத்தால், அவர் வயிற்றுக்கே போகின்றன. காய்கறியோ அதற்குள் தீர்ந்துவிடுகிறது. பிறகு, "அம்மா பருத்துவிட்டாள்" என்று அவ்வீட்டாரே நகைக்கின்றனர். இன்று முதல் அவரும் உங்களோடு அமரட்டும். காய்கறியில் அவர் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். உலையில் அரைப்படி குறைத்துப் போடுங்கள். உணவுக்குப்பின் குடும்பமாய்க் கண்மாய்க் கரைவரை நடந்து வாருங்கள். பொடிக் கடையில் கிடைக்காத மருந்து அவ்வீட்டில் கிடைக்கும்.