பொறுத்தல் என்னும் ஒரு சொல்

திருவனந்தபுரத்து வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோயிலை அடுத்த அக்கிரகாரத் தெருக்களில், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தெருக்கள் ஒரு பாடசாலை. பிழை செய்த ஒருவர் தமிழில் ‘பொறுத்தருள வேண்டும்’ என்கிறார்; மலையாளத்தில் ‘க்ஷமிக்கணம்’ என்கிறார். இரு சொற்களுக்கும் இரண்டிரண்டு பொருள் உண்டு. துன்பத்தைத் தாங்குவதும் பொறுத்தல். துன்பம் செய்தவனை மன்னிப்பதும் பொறுத்தல். வெவ்வேறாகத் தோன்றும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது ஏன்? கிறிஸ்தவ சமயச் சான்றோர் சிலருடைய வாழ்க்கையைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

முதலில் தாங்குதலை நோக்குவோம். வலியசாலையிலிருந்து தெற்கே நாகர்கோவிலைக் கடந்து சென்றால் ஆரல்வாய்மொழியை அடையலாம். அவ்வூரை அடுத்த காற்றாடிமலையில் 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்ம மன்னரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூர்ச் சேவையில் அமர்ந்த டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ நெறியை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் சிறைப்பட்ட அவர், எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் துன்புற்றார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர்; இல்லறத்தார். எனினும் கொண்ட நெறியைக் கைவிடவில்லை. 2022 மே 15ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

இனி, மன்னித்தலுக்கு வருவோம். கேரளத்து எறணாகுளம் மாவட்டத்தில் புல்லுவழி என்பது ஓர் ஊர். அங்கு 1954இல் பிறந்த இராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையிற் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆனார். பின்னர் வட இந்தியாவிற்குத் தொண்டாற்றச் சென்றார். மத்தியப் பிரதேசத்தில் உதயநகர்ப் பகுதியில் ஏழை உழவர் வட்டிக்கடைக்காரரிடம் கடன்பட்டு உழல்வதைக் கண்டார். அவர்களுக்குச் சேமிக்கும் பழக்கத்தைக் கற்பித்தார். வங்கிக் கடன் பெறவும், அரசாங்க உதவிகளைக் கேட்டுப் பெறவும் வழிகாட்டினார். உழவர் தலைநிமிர்ந்தனர், அவர்களுடைய கடனால் வாழ்ந்தோர் பகை கொண்டனர். 1995 பிப்ரவரி 25ஆம் நாள் அவர் இந்தூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது, சமுந்தர் சிங் என்னும் இளைஞர் பயணிகள் கண்முன்னே அவரைக் கத்தியாற் பலமுறை குத்திக் கொன்றார்.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு அவ்வளவில் முடிந்தது, கதை முடியவில்லை. சுவாமி சதானந்த் என்னும் கிறிஸ்தவத் துறவி சிறைக்குச் சென்று சமுந்தர் சிங்குடன் நட்புக் கொண்டார். தம்மைத் தூண்டியோரைப் பழிவாங்க எண்ணியிருந்த அம்மனிதரின் உள்ளம் மெல்ல இளகியது. 2002ஆம் ஆண்டு ரக்ஷாபந்தனத்தை ஒட்டி, இராணி மரியாவின் தங்கையும் அதே சபைக் கன்னியாஸ்திரீயுமான செல்மி பால் சிறைக்கு வந்தார். தம் தமக்கையைக் கொன்ற கையிலே ராக்கி கட்டி, அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். கேரளத்தார் கட்டிய ராக்கி அது; ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் அனைவர்க்கும் விளங்கும் மொழி அது. 2006இல் சமுந்தர் சிங் விடுதலை பெற்றார். அதற்கு அக்குடும்பத்தினரின் ஆதரவும் துணைநின்றது. பின்னர் அவர் புல்லுவழிக்கே வந்து, மகளை இழந்த பெற்றோரை வணங்கி மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பது நீதியைக் கைவிடுவதாகுமோ என்னும் ஐயம் இங்கே எழலாம். ஒரிசாவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பாரிபதாவில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்னும் சிற்றூரில், பத்து வயது பிலிப், ஆறு வயது திமொத்தி என்னும் தம் புதல்வர் இருவரோடு வண்டிக்குள் உறங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். சில ஆண்டுகள் இங்கேயே தங்கி அத்தொழுநோய்ப் பணியையும் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் மன்னித்ததனால் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. தண்டிப்பது அரசின் கடமை. வெறுப்பை விடுவது இழந்தவரின் உரிமை. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

இழந்தவரிடம் ‘மன்னித்துவிடு’ என்று பிறர் வற்புறுத்துவது அறமாகாது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஸ்டெயின்ஸ் அம்மையாரும் செல்மி பாலும் யாருடைய ஏவலாலும் அதைச் செய்யவில்லை. அதனாலேதான் அச்செயலுக்கு மதிப்பு.

நாம் தொடங்கிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பொறை என்பதற்குச் சுமை என்றும் ஒரு பொருள் உண்டு. தம்மேல் விழுந்த துன்பத்தைத் திருப்பி எறிகின்றவன் அதனை மற்றொருவன் தோளுக்கு மாற்றுகிறான். அங்கிருந்து அது மூன்றாமவனுக்குப் போகும். மன்னிப்பவரோ அச்சுமை தம்மோடு நிற்கட்டும் என்று தாமே ஏற்கிறார். தாங்க இயலாதவர் மன்னிக்கவும் இயலாது. ஆதலின் இரண்டிற்கும் சொல் ஒன்றாயிற்று. சமயம் எதுவாயினும், தமிழிலோ மலையாளத்திலோ ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று நாம் கேட்கும்போதெல்லாம், ஒருவரை ஒரு சுமை தாங்குமாறு கேட்கிறோம் என்பதை நினைவிற் கொள்வோமாக.