நிலத்தின் கரடுமுரடை வானிலிருந்து அளத்தல்

நிலத்தின் கரடுமுரடைக் காலடியால் அறிகின்றோம். பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லும் செய்மதி அதனை அறியுமாறு எங்ஙனம்? அதனால் மலைநாட்டிற்குப் பயன் யாது? இவற்றைச் சிறிது ஆராய்வாம்.

செய்மதிக்கு வழி இரண்டு. ஒன்று ஞாயிற்றின் ஒளி. கரடான நிலத்திற் கல்லும் கட்டியும் நுண்ணிய நிழல்களை வீழ்த்தும். பல கோணங்களில் எடுத்த படங்களில் அந்நிழல்களால் ஒளி குன்றுவதை ஒப்பிட்டுக் கரட்டை மதிப்பிடுவர். மற்றையது ராடார். இது தானே நுண்ணலையை அனுப்பி, மீள்வதைப் பெறுவது. ஆதலின் இருளும் முகிலும் இதற்குத் தடையாகா. அமைதியுற்ற கண்டிக் குளத்து நீர், சாய்ந்து வரும் அலையைக் கண்ணாடிபோல அப்பாற் செலுத்துதலின், படத்திற் கருமையாய்த் தோன்றும். கரடான நிலமோ அலையை எத்திசையும் சிதறும். ஒரு பகுதி மீளுதலின் வெளிறித் தோன்றும்.

எது கரடு? அலைநீளத்தைப் படுகோணத்துக் கோசைனின் 8 மடங்கால் வகுக்க வரும் அளவினும் மேடுபள்ளத்தின் உயரம் மிகுமாயின் அது கரடு என்பது ரேலி என்னும் ஆங்கிலேய அறிஞர் பெயரால் வழங்கும் விதி. 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பியரின் சென்ரினல்-1 செய்மதியின் அலைநீளம் ஏறக்குறைய 5.6 சென்ரிமீற்றர், அவ்வாண்டே ஏவப்பட்ட யப்பானியரின் அலோஸ்-2 செய்மதியினது ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். படுகோணம் 35 பாகையாயின், எல்லை முறையே 0.85, 3.7 சென்ரிமீற்றர் அளவினவாகும். எனவே 2 சென்ரிமீற்றர் மேடுபள்ளமுடைய நிலம் முன்னையதற்குக் கரடு, பின்னையதற்கு மட்டம். கரடு என்பது நிலமும் அலையும் கூடுமிடத்துப் பிறக்கும் அளவு எனலாம்.

மரமும் ஈரமும் அருகிய பாலை நிலத்தில் இவ்வளவை எளிது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலோ காடும் தேயிலையும் குறுகிய அலையை மேலேயே சிதறிவிடும். மண்ணின் ஈரம் மீளலையை மிகுவிக்கும். செய்மதியை நோக்கிய சரிவு, கரடில்லாவிடினும் வெளிறித் தோன்றும். ஆதலின் ஒரு படத்தைக் கொண்டு முடிவு கூறலாகாது. அதே பாதையில் மீண்டு வருங்கால் எடுத்த படத்தை முன்னையதனோடு ஒப்பிடின், சரிவால் நேரும் மயக்கம் பெரிதும் நீங்கி, மாறிய இடம் புலனாகும்.

இவ்வொப்பீடு உயிர்காக்கும் பணிக்கு உதவுவது. 2016 மே 17ஆம் நாள், கண்டிக்கு மேற்கே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்திலும் மலைகள் சரிந்து உயிர்கள் பல மாண்டன. இத்தகைய நாட்களில் முகில் மூடுதலின் ஒளிப்படம் பயன்படாது, பாதைகளும் துண்டிக்கப்படும். மரம் நின்ற இடம் கல்லும் சேறுமானதை ராடாரே முதலில் உணர்த்த வல்லது. முகில் விலகியபின் ஒளிப்படம் அதனை உறுதிசெய்யும்.

எனினும், இம்முறை காட்டுவது சரிந்த இடத்தையே. சரியவிருக்கும் நிலத்திற் புதிய வெடிப்பையும், சாயும் மரத்தையும், திடீரெனக் கலங்கும் ஊற்றையும் முதலிற் காண்போர் அங்கு வாழும் மக்களே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையும், வானிலிருந்து பெறும் அளவையும், லயத்து மக்களின் சொல்லும் ஒருங்கு மதிக்கப்படுமிடத்தே இவ்வறிவு பயன்தரும்.