மாத்திரைக்கு 72 மணி நேரம்தான்

கோவை ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் மதிலை ஒட்டித்தான் நம்மில் பலர் தினமும் போய்வருகிறோம். 2021 செப்டம்பரில் அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பெண் அதிகாரி ஒருவர், சக அதிகாரி தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மாநகரக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். அந்த அதிகாரி கைதானார். சில நாட்களிலேயே வழக்கை விமானப்படையின் ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு ஒப்படைத்தது கோவை நீதிமன்றம்.

புகாரில் என்னை உலுக்கியது மருத்துவம் பற்றிய பகுதி. விமானப்படை மருத்துவமனையில் தனக்குப் பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை நடந்தது என்றார் அவர். தேசிய மகளிர் ஆணையம் கண்டித்தது. நடக்கவே இல்லை என்று மறுத்தார் அப்போதைய விமானப்படைத் தளபதி வி.ஆர். சௌத்ரி. அந்தச் சோதனை பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. செய்பவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று 2022-இல் எச்சரித்தது.

ஊரில் ஒரு ஆஸ்பத்திரி சரியில்லை என்றால் இன்னொன்றுக்குப் போவோம். சீருடைக்குள் டாக்டரும் அதிகாரி, விசாரிப்பவரும் அதிகாரி, லீவு தருபவரும் அதிகாரி. ராத்திரி தூக்கமே வரவில்லை, கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது என்று டாக்டரிடம் சொன்னால் 'லோ மெடிக்கல் கேட்டகரி', அதாவது மருத்துவத் தகுதி குறைந்தவர் என்ற முத்திரை விழுந்துவிடுமோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் வாயை அடைக்கும்.

உடம்பு காத்திருக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அமெரிக்க ராணுவத்தில் 2005 முதல், விசாரணை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று ஒரு பெண் கேட்கலாம். அங்கே முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனைகளில் விசாரிக்கும்போது, பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் பணிக்காலத்தில் பாலியல் வன்முறையோ துன்புறுத்தலோ நேர்ந்ததாகச் சொல்கிறார். அன்றைக்குப் புகார் கொடுக்காதவருக்கும் அங்கே சிகிச்சை இலவசம். இந்த வழி நம் படைகளுக்கும் வர வேண்டும்.

இங்கே சட்டப்படி, அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாக வைத்தியம் பார்த்தாக வேண்டும். போலீசுக்குத் தகவல் சொல்வார்கள், ஆனால் எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. ரெட்ஃபீல்ட்ஸிலிருந்து திருச்சி சாலை ஜி.எச்.சுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே இந்த வழியைச் சொல்லிக்கொடுங்கள்.