ஓடுற சர்வரைத் தொடலாமா? வீட்டு கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போடச் சரியான நேரம் எது?

பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்துக்கு அருகில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், எவ்வளவு நல்ல எஞ்சின் பூட்டியிருந்தாலும் படகு கடலுக்குப் போகாது. எந்தப் படகு என்பதைவிட எப்போது கிளம்புவது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் அதே கேள்விதான். சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, வைஃபை மோடம் பக்கத்தில் ஓடவிட்டால் அதுவே வீட்டு சர்வர். குழந்தைகளின் போட்டோ, கல்யாண வீடியோ, பட்டா நகல், மார்க்‌ஷீட் எல்லாம் அதில் இருக்கும். 2004 சுனாமியில் ரேஷன் கார்டோடு கல்யாண ஆல்பத்தையும் பறிகொடுத்த வீடுகள் நம் கடற்கரையில் ஏராளம். அப்படிப்பட்ட பொக்கிஷம் இருக்கும் பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவதென்றால் கை நடுங்கத்தான் செய்யும்.

‘நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?’ என்பார்கள் சிலர். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகையே உலுக்கியது நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். ஏரியின் அக்கரையில் இருக்கும் ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே சிக்கின. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த பிறகும் பல ஏ.டி.எம்.கள் அதிலேயே ஓடின. கடைசியில் 2018-ல் ரிசர்வ் வங்கி கெடு வைத்து மாற்றச் சொன்னது.

அதற்காகப் புது வெர்ஷன் வந்த அன்றே பாயவும் கூடாது. உபுண்டு லினக்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் எல்.டி.எஸ். என்ற நீண்டகால வெர்ஷன் வரும். ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். பழைய எல்.டி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு அன்றே அழைப்பு வராது. சில மாதம் கழித்து, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் ‘மாறலாமா?’ என்று கேட்கும். 24.04 வெளியானது 2024 ஏப்ரலில். திருத்தப் பதிப்பு ஆகஸ்ட் கடைசியில். அப்புறமும் மாறும் வழியில் ஒரு கோளாறு தெரிந்து, சில நாள் கதவை மூடிவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால் நமக்கென்ன அவசரம்?

ஆக, கணக்கு எளிது. உங்கள் வெர்ஷனுக்கு ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதா? மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்களை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஆறேழு மாதம்தான் பாக்கி என்றால் நாள் குறியுங்கள்.

நாள் குறிப்பதிலும் விஷயம் இருக்கிறது. பாதி அப்கிரேடில் கரன்ட் போனால் சிஸ்டம் எழுந்திருக்காமலே போகலாம். ஐப்பசி, கார்த்திகை புயல் நாட்கள் வேண்டாம். மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளும் வேண்டாம். மறுநாள் பிள்ளைக்கு ஆன்லைன் விண்ணப்பம் என்றால் நிச்சயம் வேண்டாம். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். அதுபோல, சர்வர் இரண்டு நாள் படுத்தாலும் யாரும் தேடாத வாரக்கடைசியாகப் பாருங்கள்.

அதற்கு முன் பேக்கப். தனி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, பத்துப் போட்டோவையாவது, ஒரு வீடியோவையாவது திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. அப்கிரேட் முடிந்து ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அந்த டிஸ்க்கை அழிக்காமல், முடிந்தால் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள்.