தங்கம் தீர்ந்தது, வழக்கு தீரவில்லை
கோலார் தங்கவயல் தமிழர்கள் மொழி உரிமையை நீதிமன்றத்தில் வென்றார்கள். வகுப்பறையில் அது கைநழுவிக்கொண்டிருக்கிறது.

கர்நாடகச் சட்டமன்றத்தில் அதிமுகவுக்கு ஒரு உறுப்பினர் இருந்தார் என்றால் இன்றைய தலைமுறை நம்பத் தயங்கும். எம்.ஜி.ஆர். உயிரோடிருந்த 1983லும், அவர் மறைந்த பிறகு 1989, 1999 தேர்தல்களிலும் கோலார் தங்கவயல் தொகுதியில் இரட்டை இலைதான் ஜெயித்தது. இடைப்பட்ட தேர்தல்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் குடியரசுக் கட்சியும் மாறி மாறி வென்றன. கொடிகள்தான் மாறின. மேடையில் ஒலித்த மொழி எப்போதும் தமிழ்தான். 2008க்குப் பிறகு தமிழகக் கட்சி எதுவும் அங்கே வெல்லவில்லை. தேர்தலில் தெரிந்த இந்த மாற்றம் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது தங்கவயல். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் சுரங்கத் தொழிலில் இறங்கியபோது, பாதாளத்தில் இறங்க ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். கிராமத்தில் பண்ணையாருக்கு உழைத்தவர்களுக்கு, உயிருக்கு உத்தரவாதம் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் கொடுத்த இடம் இது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. மேலே துரைமார்களின் பங்களாக்களில் ஆங்கிலம். தொழிலாளர் லைன் வீடுகளில் தமிழும் தெலுங்கும். மைசூர் சமஸ்தானத்தின் மண்ணில் இருந்தும் சுரங்கத்தின் அன்றாட வாழ்க்கையில் கன்னடத்துக்கு அதிகம் இடமிருக்கவில்லை. பின்னாளில் கன்னட இயக்கங்களுக்கு எழுந்த மனக்குறையின் வேர் இங்கே இருக்கிறது.

அச்சேறிய தமிழ்

தங்கவயலின் தமிழ் வெறும் பேச்சு மொழியாக நின்றுவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் முக்கியமான கிளை. 1907ல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பிறகு 'தமிழன்' ஆயிற்று. 1914ல் அவர் மறைந்தபின் நின்றுபோன அந்த இதழை, 1926ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. பண்டிதரை இன்று பல்கலைக்கழகங்கள் ஆராய்கின்றன என்றால், அவரது எழுத்து அழியாமல் காத்ததில் இந்தச் சுரங்க நகருக்குப் பெரும் பங்கு உண்டு.

1956ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. நவம்பர் 1ம் தேதி மொழிவழி மாநிலமும் பிறந்தது. அதற்கு முன் சமஸ்தானத்துக் குடிமகனாக இருந்த தமிழ்த் தொழிலாளி, இருந்த இடத்திலேயே 'மொழிச் சிறுபான்மை' ஆனார். அவர் எல்லை தாண்டிப் போகவில்லை. எல்லைக்குத்தான் புதிய அர்த்தம் வந்தது.

இப்படி உருவாகும் சிறுபான்மையினரைப் பற்றி டெல்லி யோசிக்காமல் இல்லை. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்களின் மொழிக்கு ஆசிரியர் நியமிக்க வேண்டும் என்பது 1949லேயே கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட விதி. ஒரு வட்டாரத்தில் 15 சதவீதம் பேர் பேசும் மொழியில் முக்கிய அரசு அறிவிப்புகள் வெளியாக வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாம் எண்ணிக்கையை நம்பி எழுதப்பட்டவை. இதன் விளைவு பிறகுதான் தெரிந்தது.

கோகாக் புயல்

1980ல் கர்நாடக அரசு, கவிஞரும் கல்வியாளருமான வி.கி. கோகாக் தலைமையில் ஒரு குழு அமைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்று 1981ல் அது பரிந்துரைத்தது. அரசு தயங்கியது. 1982ல் நடிகர் ராஜ்குமார் களத்தில் இறங்கியதும் மாநிலமே கொந்தளித்தது. குண்டுராவ் அரசு பணிந்தது.

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் மொழியாக சமஸ்கிருதத்தை எடுத்துக்கொண்டு, கன்னடம் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் கர்நாடகத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க முடிந்தது. 2011 கணக்கெடுப்பிலும் பெங்களூர் நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவுதான். சொந்த மாநிலத் தலைநகரில் சிறுபான்மை ஆகிறோம் என்ற கலக்கம் வெறும் கற்பனையல்ல.

ஆனால் சமஸ்கிருதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போட்ட கடிவாளம், தங்கவயல் தொழிலாளியின் பிள்ளை கழுத்திலும் விழுந்தது. தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். உருது, மராத்தி, தெலுங்கு பேசுவோரும் எதிர்த்தார்கள். மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குழு உயர் நீதிமன்றம் போனது. 1989 ஜனவரியில் முழு அமர்வு தீர்ப்பளித்தது: கன்னடத்தை ஒரு பாடமாகப் படிக்கச் சொல்லலாம், அதை மட்டுமே முதல் மொழியாகத் திணிக்கக் கூடாது. அதே ஆண்டு வந்த புதிய அரசாணையில் முதல் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றது. நான்காம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்று மொழி என்ற அந்தக் கொள்கையை 1993ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

சட்டப்படி இது தமிழுக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் தெருவில் நிலைமை வேறு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் வெடித்த கலவரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் பலியாயின. 2000 ஜூலையில் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், கர்நாடகத்தில் தமிழுக்கு நிர்வாக அந்தஸ்து கேட்டபோது அதிகம் பதறியவர்கள் கர்நாடகத் தமிழர்கள்தான். 40 ஆண்டுகள் மனுப் போட்டுக் கேட்ட உரிமை, காட்டிலிருந்து வந்த மிரட்டலோடு சேர்த்துப் பேசப்பட்டது.

கியூபெக்கும் தங்கவயலும்

இதே கதை கனடாவில் வேறு வேடத்தில் நடந்தது. நாடு முழுவதும் ஆங்கிலம் பெரும்பான்மை. கியூபெக் மாநிலத்தில் மட்டும் பிரெஞ்சு. அங்கேயும் முதலாளி மொழி ஆங்கிலம். தலைநிமிர முடியாத மொழி பிரெஞ்சு. 1977ல் வந்த 101ம் எண் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டும் என்றது. கடைப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே என்றது. 1988ல் கனடா உச்ச நீதிமன்றம் பலகைத் தடையை ரத்து செய்தது. 1993ல் சமரசம் வந்தது: பிற மொழி இருக்கலாம், பிரெஞ்சு மேலோங்கி இருக்க வேண்டும். பலகையில் 60 சதவீதம் கன்னடம் என்று கர்நாடகம் 2024ல் செய்த சட்டத் திருத்தத்திலும் ஏறக்குறைய அதே தர்க்கம்தான்.

ஒப்புமை ஒரு இடத்தில் முறிகிறது. கியூபெக் ஆங்கிலேயரிடம் வங்கியும் தொழிற்சாலையும் இருந்தன. பிடிக்காதவர்கள் டொரண்டோவுக்குப் போனார்கள். தங்கவயல் தமிழரிடம் இருந்தது சம்மட்டியும் துரப்பண எந்திரமும், சிலிக்கா தூசு படிந்த நுரையீரலும்தான். மாநிலத்தில் பெரும்பான்மை மொழிக்குப் பாதுகாப்பு தேவை என்ற வாதம், எதிரில் நிற்பவர் முதலாளியா தொழிலாளியா என்று பார்ப்பதில்லை.

யார் வென்றார்கள்?

2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 121 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் மிஞ்சியவை சயனைடு மேடுகளும் லைன் வீடுகளும். அன்றிலிருந்து தங்கவயலின் பிழைப்பு ரயிலில் ஓடுகிறது. விடியலுக்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்தில் தமிழ் மட்டும் போதும். பெங்களூர்க் கடையிலும் கட்டுமானத்திலும் கன்னடம் வேண்டும். நிறுவன வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். மாநில அரசு வேலைக்குக் கன்னடத் தேர்வில் தேற வேண்டும். தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் சினிமாவுக்கும் என்று ஒதுங்கியது.

பெற்றோர் கணக்குப் போட்டார்கள். பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தாய்மொழியைப் பயிற்று மொழியாக அரசு கட்டாயப்படுத்த முடியாது, அது பெற்றோரின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. அதே சிறுபான்மை உரிமைப் பிரிவுகளும் பேச்சுரிமையும் இம்முறை ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கைகொடுத்தன. அடுத்த ஆண்டே கர்நாடக அரசு, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைக்கு முதல் மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம் என்றால், தமிழுக்கு மூன்றாவது நாற்காலிதான். அதற்கும் இந்தி காத்திருக்கிறது.

எண்ணிக்கையை நம்பிய விதிகளின் ஆபத்து இங்கேதான். வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆசிரியர். ஒன்பது பேர் ஆனால்? யாரும் உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேடே அதைச் செய்துவிடும். பெரும்பான்மையோடு போராடி வாங்கியதை, பிள்ளையின் வேலைக்காகப் பெற்றோரே விட்டுக்கொடுக்கும்போது எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

பழியைப் பெற்றோர் மேல் போட்டுவிட்டு நகர்வது சுலபம். தமிழில் படித்துக் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்கும் பள்ளி ஒன்று அவர்கள் எதிரில் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். 40 ஆண்டு மொழிச் சண்டையில் இரு தரப்பும் 'எது முதல் மொழி' என்றே வாதாடின. மூன்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்த அளவு வேகம் கிடைக்கவில்லை.

இதில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் வயதானவர்கள். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த தலைமுறைக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ்தான். தாலுகா அலுவலகத்திலிருந்து வரும் காகிதம் கன்னடத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல, கன்னடம் படித்த பேரனைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பேரனுக்கோ, தாத்தா வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. 15 சதவீத விதி காகிதத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தப் புதிய சட்டம் வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு அச்சு எந்திரமும் போதும்.