தீவகத்தில் பட்டிப்பூவை விதையிலிருந்து வளர்த்தல்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் பூஞ்செடி வைக்க விரும்புவோருக்கு முதற்றடையாவது தண்ணீரே. இங்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கின்றது. நிலத்துட் புகும் மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கும். கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். மரக்கறிப் பயிரும் குடிநீரும் ஒருங்கே கெடும். ஆகவே, குறைந்த நீரில் வாழும் செடியையே தெரிதல் வேண்டும்.

குளிர்நாட்டு அனிமோனி போன்ற பல்லாண்டுப் பூச்செடிகள் இவ்வெப்பத்துக்கு ஏற்றவையல்ல. மடகாஸ்கர் தீவுக்கு உரியதாய், நம் வளவுகளிலும் காணப்படும் பட்டிப்பூ, அதாவது நித்திய கல்யாணி, வறட்சியைத் தாங்கிச் சில ஆண்டுகள் நிலைத்துப் பூக்கும்.

விதை சேகரித்தல்

பூ உதிர்ந்தபின் ஓரங்குல நீளமான இரட்டைக் காய்கள் தோன்றும். அவை மஞ்சளித்தவுடன் பறித்தல் வேண்டும். தாமதித்தால் வெடித்து, கரிய சிறு விதைகள் சிந்திவிடும். பறித்த காய்களை நிழலில் உலர்த்தி, விதைகளைப் பிரித்துப் போத்தலில் அடைத்து வைக்கலாம். நாட்பட்ட விதையின் முளைதிறன் குறையுமாதலின், அவ்வாண்டு விதையையே பயன்படுத்துதல் நன்று.

நாற்றுமேடை

புரட்டாதி மாதத்தில், 3 அடி அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள மேடை அமைத்து, மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து பரவுக. ஒரு பங்கு விதையுடன் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, 3 அங்குல இடைவெளியுள்ள வரிகளில் தூவுக.

இவ்விதை நன்கு முளைப்பதற்கு இருள் வேண்டும். மண்ணின்மேல் வெறுமனே தூவிய விதைகளிற் பல முளையாது போவது இதனாலேயே. எனவே, கால் அங்குல மண்ணால் மூடி, அதன்மேல் வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் முளை தோன்றும். தோன்றியவுடன் வைக்கோலை அகற்றாவிடின் நாற்றுகள் மெலிந்து நீளும். கனமழை விழாதவாறு, மேடைக்குமேல் உயரத்தில் கிடுகுப் பந்தல் இடுக.

நடுகையும் நீரும்

இரு மாதம் சென்றபின், பெருமழை தணிந்து நிலத்தில் ஈரம் உள்ளபோது நாற்றுகளை மாலை வேளையில் நடுக. வரிக்கு வரி 18 அங்குலமும், செடிக்குச் செடி 12 அங்குலமும் இடைவெளி போதும். நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் பெருகும்.

நெல் விளையும் பள்ள நிலம் இதற்கு ஆகாது. இச்செடிக்கு வறட்சியினும் தேங்கும் நீரே கொடிய பகை. வேர் அழுகி, செடி திடீரென வாடும். வாடியதைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். வேரூன்றிய செடிக்கு, நண்பகலில் இலை துவண்டவுடன் நீர் ஊற்றத் தேவையில்லை. மாலையிலும் நிமிராவிடில் மட்டும் ஊற்றுக.

எச்சரிக்கை

1958 ஆம் ஆண்டு கனடாவில் நோபிள், பியர் என்போர் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தமையை அறிவித்தனர். இச்செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பயன்படுகின்றது. இவை வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் மருந்துகள். வீட்டில் இலையைக் கசாயமாக்கிக் குடித்தல் ஆபத்தாகும்.

இச்செடி கால்நடைக்கும் நஞ்சு. பசும்புல் உள்ள காலத்தில் அவை இதனைத் தீண்டா. கோடையில் பசி மிகுந்தால் மேயக்கூடும். ஆதலால் பாத்தியைச் சுற்றி வேலி அடைத்தல் வேண்டும். வெட்டிய கிளைகளை மாட்டுத் தொழுவத்தின் அருகே போடாது, குழியிற் புதைத்துவிடுக.